இரண்டு மணிக்குக் கலம் வரும்

குருமண்வெளி ஒழுங்கைகளில் அன்று காலை ஓர் ஆட்டோ சுற்றி வந்தது. கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக்குள் மழைத்தண்ணீர் போயிருந்தபடியால் அறிவிப்பு எவருடைய காதுக்கும் முழுசாக வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: “...கலம்... இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு... ஓடக்கரை மண்டபத்தில்... அனைவரும் வருக... அனுமதி இலவசம்.”

‘அனுமதி இலவசம்’ என்ற இடத்திலாவது யாருக்கேனும் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். வெள்ளத்தில் ஆள் ஏற்ற வரும் படகுக்கு எவனாவது நுழைவுச்சீட்டு அடிப்பானா? ஆனால் விடாமல் பெய்த மழையில் சந்தேகப்படும் சக்தியும் ஊறிப்போயிருந்தது. தவிர, அந்தச் சொல். வாவிக்கரையில் பிறந்தவன் தோணி என்பான், வள்ளம் என்பான், எஞ்சின் பூட்டியிருந்தால் போட் என்பான். கலம் என்று சொல்வது அரசாங்கம் மட்டும்தான். விடிந்ததிலிருந்து வானொலி ‘பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு மீட்புக் கலங்கள் விரைகின்றன’ என்று வாசித்துக்கொண்டிருந்தது. ஆகவே சனங்கள் போட்ட கணக்கில் பிழையில்லை. இவ்வளவு விறைப்பான தமிழில் கூப்பிடுகிறார்கள் என்றால் அது அரசாங்கத்தின் படகாகத்தான் இருக்க வேண்டும்.

புஸ்பம் அடுப்பில் கொதித்த கேத்திலை இறக்காமலே தெருவுக்கு ஓடினாள்.

“தம்பி! எத்தின மணிக்கெண்டு சொன்ன?”

“ரெண்டு மணிக்கு அக்கா! நேரத்தோட வந்து இடம் பிடியுங்க!” என்றான் ஆட்டோக்காரன். கூலிக்குக் கத்துகிறவன் சொல்லிக்கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தையைத் தன் சொந்தச் செலவில் போட்டான். அதுதான் புஸ்பத்தின் கடைசிச் சந்தேகத்தையும் போக்கியது.

அவளுடைய புருஷன் அழகரத்தினம் வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூருக்கும் அப்பால், படுவான்கரையில் இருந்தான். வட்டை வயலில் வைத்திருந்த பசளை மூட்டைகள் நனைந்துவிடும் என்று ஓடம் ஏறிப் போனவன். போன அன்றிரவே மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். வயல்வெளி முழுக்கத் தண்ணீர். அவன் யானைக் காவலுக்காக மருத மரத்தில் கட்டியிருந்த பரணில் ஏறிக்கொண்டான். நீரோட்டத்தில் ஓடமும் நின்றுவிட்டது. புஸ்பம் அழைக்காத இலக்கம் இல்லை. எல்லா இடத்திலும் அவளுடைய பெயரை மரியாதையாகக் கேட்டு, கலம் வரும் என்று சொன்னார்கள்.

அவள் போனை எடுத்தாள்.

“இஞ்சேருங்க, கலம் வருதாம். ரெண்டு மணிக்கு.”

“என்ன கலம்?”

“கவுண்மேந்துப் போட். நம்மட ஓடக்கரைக்குத்தான் வருதாம். நானே கூட்டிக்கொண்டு வாறன்.”

“சுறுக்கா வா புள்ள. ஏணி முழுக்க மூடிற்று. நம்மட நிதுர்ஷன் அங்கால மரத்தில நிக்கான். நித்திர கொண்டு விழாம ரெண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டு இரிக்கம். சார்ச்சும் முடியுது. வை, வை.”

நிதுர்ஷன் பக்கத்து வயல்காரன். போன போகத்தில் தண்ணீர் திருப்பியதற்காக அவனோடு வரம்பில் நின்று சண்டை பிடித்தவன்தான் அழகரத்தினம். இப்போது ஒருவனுடைய கூச்சல்தான் மற்றவனைப் பிடித்து வைத்திருந்தது.

புஸ்பம் அவனுக்கு உடுக்கக் காய்ந்த சாரம் ஒன்று, துவாய், போத்தலில் தேத்தண்ணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மத்தியானமே மண்டபத்துக்குப் போய் முன்வரிசையில் குந்திவிட்டாள்.

ஆட்டோ முழுசாகச் சொல்ல நினைத்தது வேறு. ‘கோளும் கலமும்: பூமி ஓர் உயிருள்ள கலமா? மாபெரும் அறிவியல் அரங்கு.’ நடத்துவது வாவி அறிவொளி மன்றம். அதன் தலைவர் உதயரூபன். செயலாளரும் அவரே. உறுப்பினர்களில் பெரும்பான்மையும் அவரேதான். வெள்ளத்தைச் சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிப்போடலாமே என்று அவருடைய மனைவி கேட்டதற்கு, “அறிவுக்கு மழையா வெயிலா?” என்று கேட்டிருந்தார். கல்லடியில் வந்து தங்கியிருந்த பேராசிரியர் நல்லரத்தினத்தை ஏற்றிவரத் தெருவில்லை என்றானபோது, காத்தான்குடியிலிருந்து ஷாமில் என்பவனுடைய எஞ்சின் போட்டை வாடகைக்குப் பிடித்து வாவி வழியாகவே கொண்டுவந்து இறக்கினார். பேராசிரியரோடு எதிர்த்துப் பேசுவதற்கு றிப்ஷான் என்ற இளம் விரிவுரையாளரையும் அதே போட்டில் ஏற்றியிருந்தார்.

உதயரூபன் நடத்தும் கூட்டங்களில் வழக்கமாகக் கதிரைகள்தான் பெரும் திரளாக வந்திருக்கும். அன்று மண்டபம் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். எல்லோருடைய உடுப்பிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. உதயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வெள்ளத்தையும் பொருட்படுத்தாமல் விஞ்ஞானத்தைத் தேடி வந்திருக்கும் என் மக்களே!” என்று ஆரம்பித்தார்.

வெள்ளத்தைப் பொருட்படுத்தித்தான் அவர்கள் வந்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் இந்த நாட்டில் ஒரு பொதி அரிசி கொடுப்பதென்றாலும் முதலில் மூன்று பேர் பேசுவார்கள், ஒருவர் விளக்கேற்றுவார், பிறகு படம் எடுப்பார்கள். படகு கொடுப்பதென்றால் எவ்வளவு பேச வேண்டியிருக்கும்! பேசி முடியட்டும் என்று பொறுத்திருந்தார்கள்.

பேராசிரியர் எழுந்தார். பாரித்த உடம்பு. கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை. அவருக்குப் பின்னால் தொங்கிய பதாகையில் நீலப் பந்து ஒன்றும், பக்கத்தில் பொரித்த முட்டையைப் போல ஒன்றும் கிடந்தன.

“உயிரின் அடிப்படை அலகு எது? கலம்!” என்றார்.

சனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“கலத்தைச் சுற்றி ஒரு மென்சவ்வு. பூமியைச் சுற்றி வளிமண்டலம். கலத்துக்குள் ஓயாமல் அசையும் குழியவுரு. பூமியில் ஓயாமல் சுற்றும் சமுத்திர நீரோட்டம். கலம் வெளியிலிருந்து சக்தியைப் பெறுகிறது. பூமிக்குச் சூரியன். வெளியே எப்படி மாறினாலும் கலம் தன் உள்ளகத்தைச் சமநிலையில் வைத்திருக்கிறது. இந்தப் பூமியும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தன் சூட்டையும் உப்பையும் அப்படித்தான் கட்டிக் காத்து வருகிறது. மென்சவ்வைச் சுவர் என்று நினையாதீர்கள். எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று தெரிவு செய்கிறது அது. அந்தத் தெரிவுக்குப் பெயர்தான் உயிர்.”

“உள்ள விடுற ஆக்களத் தெரிவு செய்யப் போறாங்களாம்” என்று புஸ்பத்துக்குப் பின்னால் ஒரு பெண் குசுகுசுத்தாள். “பேரு பதிஞ்சாக்களுக்குத்தான் இடமாக்கும்.”

புஸ்பம் தான் அழைத்த இலக்கங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுடைய பெயரை எந்த இடத்தில் எவன் பதிந்தான் என்று அவளுக்கே நினைவில்லை.

றிப்ஷான் எழுந்து மறுத்துப் பேசினான். “ஒரு கலம் இன்னொரு கலத்திலிருந்துதான் பிறக்கும். வளர்ந்து இரண்டாகப் பிரியும். பூமி எந்தக் கோளின் பிள்ளை? அது பெற்றுப்போட்ட குட்டிக் கோள் எங்கே? பெறாத ஒன்றை உயிர் என்று எப்படிச் சொல்வது?”

“தம்பி அவசரப்படுகிறார். செவ்வாய்க்கு நாங்கள் ஆள் அனுப்பப்போகிறோம் அல்லவா? அதுதான் பிரசவம்” என்றார் பேராசிரியர். உதயரூபன் கை தட்டினார். தட்ட வேண்டிய இடம் போலும் என்று சனங்களும் தட்டினார்கள்.

இப்படி ஒருவர் மாறி ஒருவர் ஒரு நிமிடம் கேட்டு எழும்பினார்கள். மேடையில் ஒரு நிமிடம் என்பது மழை எப்போது விடும் என்பதைப் போன்றது. இருவரும் இறுதிச் சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். யன்னலுக்கு வெளியே வாவி கறுத்துக்கொண்டு வந்தது. புஸ்பம் எழுந்து நின்றாள்.

“சேர், கலம் எங்க?”

பேராசிரியர் மெய்சிலிர்த்துப் போனார். எத்தனையோ ஊர்களில் பேசியிருக்கிறார். முன்வரிசையிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

“எவ்வளவு எளிமையான, எவ்வளவு ஆழமான கேள்வி! கலம் எங்கே என்று கேட்கிறார் இந்தத் தாய். அம்மா, கலம் உங்களுக்குள்ளேயே இருக்கிறது.”

“எனக்குள்ளயா?”

“உங்களுக்குள் கோடானுகோடி கலங்கள்!”

“கோடி வேணாம் சேர், ஒண்டு காணும்!” என்று சுவரோரம் நின்ற ஒருவர் கத்தினார். “வட்டைக்குள்ள ஆக்கள் மரத்தில தொங்கிக் கிடக்குதுகள்!”

அப்போதுதான் றிப்ஷானுக்கு விளங்கியது. அவன் பேராசிரியரின் காதருகே குனிந்தான். ஒலிவாங்கி அவன் சொன்னதை எல்லோருக்கும் சொல்லிவிட்டது. “சேர், இவங்க போட்டக் கேக்காங்க.”

“எந்தப் போட்டை?”

ஒருவன் பதாகையை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தான். வாசித்து முடிந்ததும் மண்டபத்தில் இலேசான சத்தம் ஒன்று எழுந்தது. உயிரணுவைப் பத்தாம் வகுப்பில் கலம் என்று படித்தவர்கள்தான் எல்லோரும். வெங்காயத்தோலை உரித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களும் இருந்தார்கள். வீட்டு ஆள் மரத்தில் தொங்கும்போது வெங்காயம் யாருக்கு ஞாபகம் வரும்? ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒருவர் உதயரூபனின் தாயாரைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார்.

“அமைதி, அமைதி!” என்றார் உதயரூபன். “வெள்ளம் தொடர்பான கேள்விகளை இறுதியில் எடுப்போம். நேரலை போய்க்கொண்டிருக்கிறது!”

சனம் மண்டபத்தை விட்டு ஓடக்கரைக்கு இறங்கியது. அங்கே, கல்லில் கட்டியபடி, ஷாமிலின் போட் ஆடிக்கொண்டு நின்றது. ஷாமில் முன் அணியத்தில் பொலித்தீனைப் போர்த்துக்கொண்டு மீன் வைத்த மாலுபான் தின்றுகொண்டிருந்தான்.

புஸ்பம் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, விளிம்பைப் பிடித்துத் தொங்கி, உள்ளே விழுந்து, நடுப்பலகையில் எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னக்கா இது? இறங்குங்க. இது கவுண்மேந்து போட் இல்ல, என்ட போட். உள்ள பேசுற சேர ஏத்தி வந்த.”

“இறங்க மாட்டன் தம்பி. வேணுமெண்டா என்னத் தண்ணிக்குள்ள தள்ளிப்போட்டுப் போ.”

“எங்க போகணும்?”

“மண்டூருக்கு அங்கால. வட்டைக்குள்ள.”

“அல்லாஹ்! வயலுக்குள்ளயா? நான் கடல்ல ஓடுறவன் அக்கா. இந்தத் தண்ணிக்கு அடியில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியா. கம்பி கிடக்கும், கட்ட கிடக்கும். இந்தப் போட் போனா என்ட பிள்ளைகள் என்னத்தத் தின்னும்? எண்ணெயும் கல்லடிக்குப் போகத்தான் கிடக்கு.”

அவன் பொய் சொல்லவில்லை என்பது புஸ்பத்துக்குத் தெரிந்தது. அதனால் பயம் இன்னும் கூடியது. பொய் சொல்பவனிடம் கெஞ்சலாம்.

உதயரூபன் குடையோடு ஓடி வந்தார். “தங்கச்சி, பேராசிரியரை இருட்ட முதல் கல்லடியில விடவேணும். உங்கட விசயத்த நான் மேலிடத்துக்கு அறிவிக்கிறன். இன்னும் முடிவுரையும் நன்றியுரையும்தான்.”

“என்ட மனிசன் சாகப்போறார் ஐயா.”

“விளங்குது, விளங்குது. நன்றியுரையச் சுருக்கச் சொல்றன்” என்று சொல்லிவிட்டு அவர் திரும்ப ஓடினார்.

புஸ்பத்தின் போன் அடித்தது. காதில் வைத்தாள். அழகரத்தினத்தின் குரல் காற்றுக்குள் தேய்ந்து கேட்டது. “கலம் வந்திற்றா புள்ள?”

அவள் போனை ஷாமிலிடம் நீட்டினாள். “நீயே சொல்லு தம்பி. வரமாட்டனெண்டு சொல்லு.”

ஷாமில் எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினான். “ஹலோ” என்றான்.

“தம்பி, நீங்களா போட்காரர்? புண்ணியமாப் போகும். இந்தா கேளுங்க, கிழக்கால வராதீங்க, அங்க கம்பி வேலி. கோயில் பக்கத்தால வந்து, தென்ன மரம் ரெண்டு தெரியும், அதுக்கு நடுவால விடுங்க. பெரிய மதகு ஒண்டு தண்ணிக்கு மேல தெரியும். அதுக்கு அங்கால மருத மரம். நான் கூப்பிடுறன், நீங்க சத்தத்த வச்சு—”

அழகரத்தினத்தின் போன் செத்தது. ஷாமில் கையிலிருந்ததைப் புஸ்பத்திடம் திருப்பிக் கொடுத்தான். மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தவனிடம் ஒருவன் வழி சொல்லி முடித்துவிட்டான்.

“வயித்தெரிச்சல்” என்றான். யாரை என்று தெரியவில்லை. கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். கரையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பெயரையும் மரத்தையும் சொல்லிக் கத்தினார்கள். ஒருவர் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு, “அடுத்தது நாங்க, சொல்லிப்போட்டன்” என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் வந்து சேர்ந்தார். நன்றியுரை உண்மையாகவே சுருங்கிவிட்டது, மண்டபத்தில் நன்றி பெற ஆள் இல்லாததால். கடைசிச் சொல்லை றிப்ஷான் சொல்லிவிட்டானே என்ற கோபத்தில் அவர் எவரையும் பாராமல், றிப்ஷானுக்கும் காத்திராமல் வந்து, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கப் போட்டில் இறங்கி, அதற்கென்று வைத்திருந்த பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்தார். போட் ஒரு பக்கம் தாழ்ந்து நிமிர்ந்தது. புஸ்பத்தைப் பார்த்துத் தலையசைத்தார். கேள்வி கேட்ட பெண் கல்லடி வரை வருகிறாள் போலும், இன்னும் சந்தேகங்கள் இருக்கும் என்று எண்ணினார்.

எஞ்சின் பிடித்தது. போட் நடு வாவிக்கு வந்ததும் மேற்கே திரும்பியது.

“தம்பி, கல்லடி இந்தப் பக்கமா?”

“இல்ல சேர். படுவான்கரை.”

“படுவான்கரையா? ஏன்?”

“கலம் தேடி வந்த அக்காட மனிசன் அங்க மரத்தில.”

பேராசிரியர் எழும்பப் பார்த்தார். போட் ஆடியது. இருந்துவிட்டார். நீரோட்டம் மஞ்சள் நிறத்தில் சுழித்துக்கொண்டு வந்தது. வாழைத் தண்டுகள், ஒரு கோழிக்கூடு, யாரோ வீட்டின் கதவு எல்லாம் வந்தன. வயிறூதிய மாடொன்று அவருடைய முழங்கையைத் தொடுகிறாற்போல் போயிற்று. அதற்குப் பிறகு அவர் வழி கேட்கவில்லை.

மண்டூர்ப் பக்கம் ஏறி வயல்வெளிக்குள் நுழைந்ததும் ஷாமில் எஞ்சினை மெதுவாக்கினான். வரம்பு வரும் இடங்களில் எஞ்சினைத் தூக்கி, கோலால் ஊன்றித் தள்ளினான். எங்கும் ஒரே தண்ணீர். எது யாருடைய வயல் என்று புஸ்பத்துக்கே தெரியவில்லை. மழைத்துளிகள் பட்ட இடமெல்லாம் தண்ணீர் கொதிப்பது போலிருந்தது.

“சேர்” என்றாள் புஸ்பம் திடீரென்று. பேசாவிட்டால் கத்திவிடுவோம் என்று பயந்துதான் பேசினாள். “நீங்க சொன்ன அந்தக் கலம். அதுக்குள்ள ஒரு சின்னத் துண்டு செத்தா அதுக்குத் தெரியுமா?”

பேராசிரியர் ஒலிவாங்கியைத் தேடுகிறவர் போல் கையைத் தூக்கி, பிறகு இறக்கினார்.

“தெரியாது அம்மா. அதுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்ல. செத்தத அரைச்சுப்போட்டு வேற ஒண்டு செய்து வைக்கும். அப்பிடித்தான் அது உயிரோட இருக்கு.”

“அப்ப பூமிக்கும் தெரியாதா?”

அவர் தண்ணீரைப் பார்த்தார். தன் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று இல்லை என்று அவருக்கு உறைத்தது. இத்தனை மேடைகளில் இதை ஏன் சொல்லவில்லை என்றும் உறைத்தது. சொன்னால் கை தட்டியிருக்க மாட்டார்கள்.

“தெரியாது” என்றார்.

போட் எதிலோ மோதி நின்றது. தண்ணீருக்கடியில் ஒரு கொங்கிரீட் வேலிக்கட்டை. பைபர் கிழிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது. அடித்தட்டில் விரல் நுழையும் வெடிப்பு, அதன் வழியே ஊற்று. ஷாமில் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து, பாவமன்னிப்புக் கேட்கும் தௌபாவில் முடித்தான். புஸ்பம் பையிலிருந்த காய்ந்த சாரத்தை எடுத்து வெடிப்புக்குள் அமுக்கி அதன் மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டாள். போட்டில் கிடந்த, வாய் வெட்டிய எண்ணெய்க் கானை எடுத்துத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள்.

“திரும்புவம் அக்கா” என்றான் ஷாமில்.

“போ தம்பி.”

“தாழப்போறம்.”

“போ எண்டன்.”

இரண்டு தென்னைகள் தெரிந்தன. அவற்றின் நடுவால் போக, பெரிய மதகின் சீமெந்துத் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. புஸ்பம் கத்தினாள். பெயர் சொல்லிப் புருஷனைக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள் அன்று அந்த வெளி முழுக்கக் கேட்கும்படி, “அழகரத்தினம்! அழகரத்தினம்!” என்று கூப்பிட்டாள்.

பதில் வந்தது. ஆனால் அது வேறொருவன் குரல். தூரத்து மரத்திலிருந்து நிதுர்ஷன். “அக்கா! அண்ணன் கொஞ்ச நேரமாச் சத்தம் வைக்கல்ல! பாருங்க!”

பரண் ஒரு பக்கம் சரிந்து தண்ணீரில் தொங்கியது. அழகரத்தினம் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துத் தன்னைக் கிளையோடு சேர்த்துக் கட்டியிருந்தான். தலை தொங்கிக் கிடந்தது. ஷாமில் மரத்தைப் பிடித்துக்கொள்ள, புஸ்பம் ஒரு காலை வெடிப்பில் வைத்தபடியே எட்டி அவனுடைய கன்னத்தில் அறைந்தாள். இன்னும் ஒருதரம் அறைந்தாள். கண் திறந்தது.

“வந்திற்றியா?” என்றான். கலத்தைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அவனை இறக்கிப் போட்டில் போட்டார்கள். போட்டின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு கை அகலம்தான் இருந்தது. புஸ்பம் புருஷனின் தலையை மடியில் வைத்துத் தேத்தண்ணியை வாயில் ஊற்றினாள். பாதி வெளியே வழிந்தது.

“போவம் தம்பி” என்றாள்.

“நிதுர்ஷன்...” என்றான் அழகரத்தினம்.

“அடுத்த முற வருவாங்க. நீங்க பேசாம கிடங்க.”

“அவன்ட குரல் இல்லாட்டி நான் எப்பவோ விழுந்திருப்பன் புள்ள.”

“எனக்கு உங்களத்தான் வேணும்!” அவள் வெறி பிடித்தவள் போல் கத்தினாள். “நான் உங்களுக்குத்தான் வந்த! போ தம்பி, எடு!”

ஷாமில் எடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தான், விளிம்பைப் பார்த்தான். “இன்னொரு ஆள் ஏறினா முடிஞ்சுது. ஒரு ஆள் குறைஞ்சா ஏத்தலாம்” என்று பொதுவாகச் சொன்னான். யாரையும் பார்க்காமல்தான் சொன்னான். ஆனால் போட்டில் இரண்டு ஆள் பாரத்துக்கு ஒருவர்தான் இருந்தார்.

மேடையில் ஒரு வழக்கம் உண்டு. கதிரை போதாவிட்டால் பிரதம விருந்தினர், ‘நான் வேண்டுமானால் நின்றுகொள்கிறேன்’ என்பார். உடனே நாலு பேர் பாய்ந்து, ‘ஐயையோ சேர், நீங்கள் இருங்கள்’ என்று கையைப் பிடித்து இருத்துவார்கள். சொல்கிறவருக்கும் பெருமை, இருத்துகிறவர்களுக்கும் பெருமை, நிற்கப்போவது எவனோ ஒரு பொடியன். பேராசிரியர் நல்லரத்தினம் வாழ்நாள் முழுக்க இப்படி எழும்பப் பார்த்து மறுபடி உட்கார்ந்தவர்.

“நான் வேண்டுமானால் அந்த மதகில் இறங்கிக்கொள்கிறேன்” என்றார்.

ஒருவரும் கையைப் பிடிக்கவில்லை. புஸ்பம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நல்லம் சேர்” என்றான் ஷாமில். போட் ஏற்கெனவே மதகுப் பக்கம் திரும்பியிருந்தது.

பேராசிரியர் வாய் திறந்தார். சொன்னதைத் திருப்பி எடுப்பதற்கு அவரிடம் எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. எல்லாம் நீண்ட வார்த்தைகள். அதற்குள் போட் சீமெந்தில் உரசியது. ஷாமில் கை கொடுத்தான். அவர் மதகின் தலையில் ஏறி, மதகுக் கதவைத் தூக்கும் திறாங்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவருடைய சப்பாத்துக்கு மேலால் ஓடியது. பொன்னாடை நனைந்து உடம்போடு ஒட்டியது.

“தம்பி, எவ்வளவு நேரத்தில திரும்பி வருவீங்க?”

“ஓட்டைய அடைச்சுப்போட்டு வாறன் சேர். கம்பிய விட்டுடாதீங்க.”

அது கேள்விக்கு விடை இல்லை என்பது பேராசிரியருக்குத் தெரிந்தது. மேடையில் அவரும் அப்படித்தான் விடை சொல்வார்.

பாரம் குறைந்த போட் நிதுர்ஷனின் மரத்தடிக்குப் போயிற்று. அவன் கிளையிலிருந்து நேரே உள்ளே விழுந்து, எழும்பாமலே அழகரத்தினத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஷாமில் வந்த வழியே திருப்பினான். எஞ்சின் உரக்க இரைந்தது. அதைக் கேட்டு வட்டை முழுக்க விழித்துக்கொண்டது. தெரியாத மரங்களிலிருந்து, கூரைகளிலிருந்து, எங்கென்றே சொல்ல முடியாத இடங்களிலிருந்து ஆட்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். “இஞ்ச! இஞ்ச!” பெண் குரல்களும் இருந்தன. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஷாமில் எந்தப் பக்கமும் பார்க்காமல் தென்னைகளை மட்டும் பார்த்தான். அவனுடைய உதடு எதையோ ஓதியது.

மதகுப் பக்கமிருந்தும் குரல் வந்தது. முதலில், “தம்பி, என்னை மறந்துவிட வேண்டாம்” என்று எழுவாய் பயனிலையோடு வந்தது. பிறகு, “தம்பி! தம்பி!” என்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு சொல் எதுவும் இல்லை, மற்றவர்களைப் போல நீண்ட ஓர் ஓ.

புஸ்பத்தின் மடியில் கிடந்த அழகரத்தினம் தலையைத் தூக்கினான். இரவு பகலாக அந்த வெளியின் குரல்களோடு கிடந்தவன். எந்த மரத்தில் யார் என்று அவனுக்குப் பாடம்.

“அது ஆரு புள்ள,” என்றான், “புதுசாக் கூப்பிடுற?”

புஸ்பத்தின் காலடியில் சாரத்தைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் மேலே வந்தது. அவள் இன்னும் அழுத்தி மிதித்தாள்.